கொப்பி முதலில், கன்வா பிறகு: மாணவர்களின் ஆங்கில எழுத்தை வளர்க்க வடிவமைப்புக் கருவிகள், முழுமையான வழிகாட்டி

கன்வா, கூகுள் ஸ்லைட்ஸ், பவர்பொயின்ட் மாதிரியான கருவிகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அழகான போஸ்டர்கள் கிடைக்கும். அவற்றில் உள்ள ஆங்கிலம் மட்டும் பழையபடியே இருக்கும். வேலையை எந்த ஒழுங்கில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கொப்பியில் "இன்னொருக்கா எழுது" என்றால் முகம் சுளிக்கும் பிள்ளை, ஒரு சின்னப் பெட்டிக்குள் வசனத்தை அடக்குவதற்காகத் தானாகவே மூன்று நான்கு முறை மாற்றி எழுதும். அந்த மாற்றி எழுதுதலை நடக்க வைப்பதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் தரம் 6 முதல் 11 வரை ஆங்கிலம் கற்பிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் 3, 4, 7 ஆம் படிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

முதலில் கணக்கு. ஆரம்ப, இடைநிலை வகுப்பு ஆசிரியர்களுக்குக் கன்வாவில் கல்விக்கான இலவசக் கணக்கு உண்டு. ஆசிரியர் என்பதற்கான ஆதாரத்தைப் பதிவேற்றி, அவர்கள் சரிபார்த்த பிறகே அது திறக்கும். ஆகவே தவணை தொடங்கும் முன்பே விண்ணப்பித்து விடுங்கள். மாணவர்கள் உங்கள் அழைப்பின் வழியாக வகுப்புக்குள் வருவார்கள். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் சாதாரணக் கணக்கைப் பயன்படுத்த அனுமதியில்லை. தரம் 6, 7 பிள்ளைகளை அம்மாவின் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து வரும்படி சொல்வது பலரும் செய்யும் பிழை.

அடுத்தது இணையம். கணினி அறையில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் கன்வாவைத் திறந்தால், பாதிப் பாடவேளை வெள்ளைத் திரையைப் பார்ப்பதிலேயே போய்விடும். மூன்று பேருக்கு ஒரு கணினி என்று வையுங்கள். அதுவும் சரிவராது என்றால் பவர்பொயின்ட் போதும். அதுவும் இல்லாவிட்டால் லிப்ரே ஒஃபிஸின் இம்ப்ரெஸ் இருக்கிறது. அது இலவசம், இணையமும் தேவையில்லை. கீழே வரும் படிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

போனைப் படம் எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத் திரையில் ஒரு பந்தியைத் திருத்துவது பெரியவர்களுக்கே சிரமம்.

2. எழுத்து வகையை முதலில் முடிவு செய்யுங்கள்

"ஒரு போஸ்டர் செய்யுங்கோ" என்பது எழுத்துப் பயிற்சி ஆகாது. பிள்ளை எந்த வகை ஆங்கிலத்தைப் பழக வேண்டும் என்று முதலில் தீர்மானித்து, அதற்கு ஏற்ற வடிவத்தைப் பிறகு தேடுங்கள்.

செய்முறை சொல்லும் எழுத்துக்கு ஆறு கட்டங்கள் கொண்ட பக்கம் நல்லது. ஒடியல் கூழ் காய்ச்சுவது எப்படி என்று எழுதச் சொன்னால் ஏவல் வினைகள் தானாக வரும்: 'வொஷ்', 'கட்', 'ஆட்', 'ஸ்டேர்'. பலாக்கொட்டை, பயிற்றங்காய், நண்டு, புளி என்று பெயர்ச்சொற்களும் நிறையக் கிடைக்கும்.

ஒன்று எப்படி உருவாகிறது என்று விளக்க அம்புக்குறிப் படம் பொருந்தும். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைப்பது, முளைத்த கிழங்கைக் கிண்டுவது, பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்று போகிற கதை செயப்பாட்டு வினைக்காகவே அமைந்தது போல இருக்கும். 'த சீட்ஸ் ஆர் பெரிட்', 'த டியூபர்ஸ் ஆர் டக் அப்', 'தே ஆர் ஸ்பிளிட் அண்ட் டிரைட்'. இலக்கணப் பயிற்சிக் கொப்பியில் பிடிபடாத செயப்பாட்டு வினை இங்கே பிடிபடுகிறது. கிழங்கை யார் கிண்டினார் என்பது இங்கே யாருக்கும் தேவைப்படாததால், அந்த வடிவம் ஏன் இருக்கிறது என்பது பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது.

இடத்தை விவரிக்க மடிப்பிதழ். நெடுந்தீவை எடுத்தால் குறிகட்டுவானில் வள்ளம் ஏறுவது, கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் மதில்கள் என்று ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு விடயம் இருக்கிறது.

சாதாரண தர மாணவர்களுக்கு வரைபடம் அவசியம். பரீட்சையில் வரைபடத்தைப் பார்த்து எழுதும் கேள்வியில் பலர் எண்களை வரிசையாக ஒப்புவித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வகுப்பிலேயே ஒரு கணக்கெடுப்புச் செய்யுங்கள்: எத்தனை பேர் சைக்கிளில் வருகிறார்கள், எத்தனை பேர் பஸ்ஸில், எத்தனை பேர் நடந்து. அந்த எண்களால் தாங்களே சலாகை வரைபடம் செய்தவர்களுக்கு, எது பெரியது, எது எதைவிட எவ்வளவு கூட என்று ஒப்பிட்டு எழுதுவது இலகுவாக வரும்.

'சேவ் த என்வைரன்மென்ட்' மாதிரித் தலைப்புகளைத் தவிருங்கள். இணையத்தில் அப்படியே எடுத்து ஒட்ட ஆயிரம் பந்திகள் கிடைக்கும். பாத்தியில் கிழங்கு கிண்டுவதைப் பற்றிப் பிள்ளைக்கு இருக்கும் அறிவு கூகுளில் கிடைப்பதைவிடக் கூட. எழுதுகிறவருக்கு விடயம் தெரிந்திருந்தால் மொழியோடு மட்டும் போராடினால் போதும்.

3. டெம்பிளேட்டை நீங்களே செய்யுங்கள்

புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள். கன்வாவில் உள்ள ஆயிரக்கணக்கான டெம்பிளேட்டுகளில் ஒன்றைத் தெரிவு செய்யப் பிள்ளைகளையே விடுவார்கள். தெரிவு செய்து முடிய மணி அடித்துவிடும். அதோடு அந்த டெம்பிளேட்டுகள் விளம்பரத்துக்காகச் செய்யப்பட்டவை. ஐந்து சொல்லுக்கு மேல் எழுத இடம் இருக்காது.

ஏ4 அளவில் ஒரு வெற்றுப் பக்கம் எடுங்கள். எழுத்து வகைக்கு ஏற்றபடி பெட்டிகளை வையுங்கள். 8 சென்ரிமீற்றர் அகலப் பெட்டியில் 18 புள்ளி எழுத்தில் வரிக்கு நான்கு ஐந்து சொற்கள் அடங்கும். ஐந்து வரி விட்டால் 20 முதல் 25 சொற்கள். தரம் 7 பிள்ளைக்கு அது இரண்டு வசனம். தரம் 10 என்றால் பெட்டிகளைக் குறைத்து ஒவ்வொன்றையும் ஒரு பந்தி அளவுக்குப் பெரிதாக்குங்கள். பெட்டியின் அளவைத் தீர்மானிக்கும்போதே பயிற்சியின் கடினத்தையும் தீர்மானிக்கிறீர்கள், ஆகவே இதில் நேரம் செலவழிப்பது வீண் போகாது.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தலைப்புக்குப் பதிலாக ஒரு கேள்வியை எழுதுங்கள். 'இன்ட்ரொடக்ஷன்' என்று போட்டால் என்ன எழுதுவது என்று பிள்ளை திகைக்கும். 'வட் இஸ் இட், அண்ட் வெயார் கேன் யூ ஃபைண்ட் இட்?' என்று போட்டால் பதில் எழுதத் தொடங்கும்.

பிறகு பூட்டு. கன்வாவில் எந்த உறுப்பையும் தெரிவு செய்து பூட்டலாம். நிறப்பெட்டிகளை முழுமையாகப் பூட்டுங்கள். அவற்றின் மேலுள்ள எழுத்துக்கு இடத்தை மட்டும் பூட்டினால் போதும், பிள்ளை சொற்களை மாற்ற முடியும். பவர்பொயின்டில் இன்னொரு விடயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். எழுத்துக் கூடினால் தானாகவே எழுத்தளவைச் சுருக்கும் ஆட்டோஃபிட் அதில் உண்டு. அதை நிறுத்திவிடுங்கள். அது இயங்கினால் எவ்வளவு எழுதினாலும் அடங்கிவிடும், திருத்தி எழுத வேண்டிய தேவையே எழாது.

எழுத்துரு விடயத்தில் ஓர் எச்சரிக்கை. அழகான பல எழுத்துருக்களில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாகவே தெரியும். வசனத்தைப் பெரிய எழுத்தில் தொடங்காத பிழையையும், ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதும் பிழையையும் அது மறைத்துவிடும். ஓபன் சான்ஸ் மாதிரி வெறுமையான ஒன்றை வைத்து, அதை மாற்றக்கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பகிர்வு. எடிட் லிங்க் கொடுத்தால் முழு வகுப்பும் ஒரே கோப்பில் எழுதி, ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடுவார். டெம்பிளேட் லிங்க் கொடுத்தால் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பிரதி கிடைக்கும். கூகுள் ஸ்லைட்ஸில், லிங்கின் முடிவில் உள்ள 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதற்குப் பின்னால் வருவதையும் நீக்கி, அந்த இடத்தில் 'கொப்பி' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அதே வேலை நடக்கும்.

4. முதல் வரைவு கொப்பியில்தான்

கணினி அறைக்குப் போவதற்கு முந்திய பாடவேளையில், டெம்பிளேட்டின் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் பேனையால் பதில் எழுத விடுங்கள். நீளத்தைக் கட்டுப்படுத்த வேண்டாம். பெட்டி சின்னது என்பதையும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். தாராளமாக எழுதினால்தான் பிறகு வெட்டுவதற்கு ஏதாவது இருக்கும்.

தமிழில் யோசித்துக் குறிப்பு எடுப்பதை நான் தடுப்பதில்லை. குறிப்புத் தமிழில் இருக்கலாம், வசனம் ஆங்கிலத்தில் தொடங்க வேண்டும். முழுப் பந்தியையும் தமிழில் எழுதி மொழிபெயர்க்க விட்டால் வினை கடைசிக்குப் போய், வசனமே கலைந்துவிடும்.

கொப்பி வேலை முடியாதவர் கணினி அறையில் கொப்பியோடுதான் இருக்க வேண்டும். இந்த விதியை முதல் நாளே தளர்த்தினால் அப்புறம் யாரும் வரைவு எழுத மாட்டார்கள்.

5. இரண்டே இரண்டு பிழை வகைகள்

கொப்பிகளை வாங்கி எல்லாப் பிழைகளையும் சிவப்பில் திருத்தினால், பிள்ளை அதைப் பார்த்து அப்படியே தட்டச்சுச் செய்யும். கற்றது உங்கள் திருத்தத்தைப் பிரதி எடுக்க மட்டுமே. ஒரு வேலைக்கு இரண்டு வகைப் பிழைகளை மட்டும் எடுங்கள். பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், என்ன பிழை என்று சொல்ல வேண்டாம்.

நம் பிள்ளைகளிடம் எதை முதலில் எடுப்பது? 'திஸ் டெம்பிள் வெரி பிக்' என்று 'இஸ்' இல்லாமல் எழுதுவது முதலாவது. தமிழில் அந்த இடத்தில் வினைச்சொல் தேவையில்லை என்பதால் அது விடுபடுகிறது. அதற்கு நேர்மாறாக 'ஐ ஆம் கோ' என்று தேவையில்லாமல் ஒன்றைச் சேர்ப்பது இரண்டாவது. இவை சரியான பிறகு 'எ', 'த' இரண்டையும் எடுக்கலாம். அவை சரிவரப் பல தவணைகள் எடுக்கும், அவசரப்படாதீர்கள்.

6. கணினி அறையில்

மூன்று பேருக்கு மூன்று வேலை. ஒருவர் தட்டச்சு, ஒருவர் கொப்பியைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பு, மூன்றாமவர் திரையைப் பார்த்துப் பிழை பிடிப்பு. ஒவ்வொரு பெட்டி முடியவும் இடம் மாற வேண்டும். மாறாவிட்டால் வேகமாகத் தட்டச்சுச் செய்கிறவரே முழுவதும் செய்வார், மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

நிறமும் படமும் இந்தப் பாடவேளையில் கிடையாது. எழுத்து மட்டும்.

எல்லாப் பெட்டியும் நிரம்பியதும் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இரண்டாம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். இனித் திருத்தம் எல்லாம் இரண்டாம் பக்கத்தில்தான், முதல் பக்கத்தை யாரும் தொடக்கூடாது. தவணை முடிவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரியும். பெற்றோர் கூட்டத்திலும் இந்த இரண்டு பக்கங்களைக் காட்டினால் அதிகம் பேச வேண்டியிருக்காது.

7. பெட்டிக்குள் அடங்காத வசனம்

எழுத்து வளர்வது இந்தப் படியில்தான். மற்றதெல்லாம் இதற்கான ஆயத்தம். நேரம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

எழுத்து பெட்டியை விட்டு வெளியே வழியும்போது பிள்ளையின் கை முதலில் எழுத்தளவைக் குறைக்கப் போகும். அது தடை. பெட்டியைப் பெரிதாக்கப் போகும். அது பூட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவதாகக் கடைசி வசனத்தை அழிக்கும். அதற்கும் விடாதீர்கள். சொன்ன விடயம் ஒன்றும் குறையக்கூடாது, சொற்கள் மட்டும் குறைய வேண்டும். இதுதான் விதி.

ஓர் உதாரணம். 'இன் நவக்கிரி தேர் இஸ் எ வெல். இட் இஸ் கோல்ட் நிலாவரை. இட் இஸ் வெரி டீப்.' மூன்று வசனம், 14 சொற்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் தரம் 5 பிள்ளையின் எழுத்துப் போல இருக்கிறது. பெட்டியில் இடம் இல்லை என்றதும் பிள்ளைகள் தங்களுக்குள் கதைத்துக் கடைசியில் வந்து சேர்வது: 'நிலாவரை இஸ் எ வெரி டீப் வெல் இன் நவக்கிரி.' 8 சொற்கள். விடயம் ஒன்றும் போகவில்லை. வசனங்களை இணைப்பது, பெயருக்கு முன் அடைமொழியை வைப்பது இரண்டையும் விதியாகச் சொல்லிக்கொடுக்காமலே அவர்கள் செய்துவிட்டார்கள். விதியின் பெயரை அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

'ஒடியல்' மாதிரிச் சொற்கள் வரும்போது இன்னொரு நல்ல சந்தர்ப்பம் கிடைக்கிறது. சொல்லை அப்படியே விட்டுவிட்டு, காற்புள்ளி போட்டு, பக்கத்திலேயே விளக்கத்தை வைக்கலாம்: 'ஒடியல், எ டிரைட் பல்மைரா டியூபர், இஸ் கிரவுண்ட் இன்டு ஃபிளவர்.' தரம் 10 இல் இந்த அமைப்பு ஒன்று கைவந்தாலே கட்டுரையின் தரம் தெரியும்படி உயரும்.

நீங்கள் போய்ப் பெட்டிக்குள் திருத்தக்கூடாது. கமென்ட் வசதியில் கேள்வியாக எழுதுங்கள்: 'இந்த இரண்டு வசனத்திலும் 'இட்' எதைக் குறிக்கிறது? ஒன்றாக்கலாமா?' நீங்கள் நேரடியாக மாற்றினால் அடுத்த முறை திறக்கும்போது வசனம் சரியாக இருக்கும், ஆனால் என்ன மாறியது என்று பிள்ளை கவனிக்காது.

8. படம்

எழுத்து முடிந்தவர்களுக்கு மட்டும் படம். கருவியின் படக் களஞ்சியத்தில் பனையைத் தேடினால் தென்னையும் வேறு நாட்டு மரங்களும் வந்து நிற்கும், பிள்ளை அதையே எடுத்து வைக்கும். சொந்தமாக எடுத்த படங்களைக் கேளுங்கள். அதில் பிள்ளைகளின் முகமும் வீட்டு முகவரியும் தெரியக்கூடாது. சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கள் கிரீட அடையாளம் உள்ள படங்களைத் தொட வேண்டாம், பணம் கட்டாமல் தரவிறக்கினால் மேலே நீர்க்குறி விழும்.

படத்தின் கீழ் எழுதும் வரியும் எழுத்துப் பயிற்சிதான். தரம் 6, 7 இல் படத்தில் தெரிவதையே எழுதட்டும்: 'எ மேன் இஸ் கிளைம்பிங் எ பல்மைரா ட்ரீ.' அதற்கு மேல் உள்ளவர்கள் படத்தில் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மாதம், எதற்காக, அதற்குப் பிறகு என்ன நடக்கும்.

9. எழுத்துப்பிழை திருத்தியும் செயற்கை நுண்ணறிவும்

கருவியின் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் 'கலர்' என்ற சொல்லில் நம் பாடநூல் கற்றுத்தரும் 'யு' எழுத்தைப் பிழை என்று சிவப்புக் கோடு போடும். பிள்ளை பாடநூலைவிடக் கணினியை நம்பும்.

கன்வாவில் மேஜிக் ரைட் என்ற எழுதித்தரும் வசதி இருக்கிறது. மாணவர் கணக்குகளில் அது திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், திறந்திருந்தால் மூடுங்கள். தரம் 9 இற்குக் கீழ் அது வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 14 சொல்லை 8 ஆக்கும் அந்தப் போராட்டத்தை அது ஒரு நொடியில் பறித்துவிடும். மேல் வகுப்பில், இரண்டாம் பக்கம் முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் அனுமதிக்கலாம். அப்போதும் அது தந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடிந்தால்தான் எடுக்கலாம்.

10. அச்சும் வாசகரும்

அச்சுக்கு பி.டி.எஃப். ஆகத் தரவிறக்குங்கள். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சடிப்பீர்கள். மஞ்சள் எழுத்து வெள்ளைத் தாளில் காணாமல் போகும், இளநீலப் பெட்டி சாம்பலாகும். ஒரு பிரதி எடுத்துப் பார்த்த பிறகு மற்றவற்றை அடியுங்கள்.

சுவரில் ஒட்டுவது நல்லது. அதைவிட நல்ல வாசகர்கள் நமக்கு இருக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் பிறந்து தமிழ் வாசிக்கத் தெரியாத மச்சான் மச்சாள்மார் இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அவர்களுக்குப் பெற்றோரின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, விளங்காததைக் கேட்டு ஒரு கேள்வியாவது எழுதச் சொல்லுங்கள். 'இந்தக் கூழ் உறைக்குமா?', 'ஒடியல் கடையில் வாங்கலாமா?' என்று பதில் வந்தால், எந்தப் பெட்டியில் விளக்கம் போதவில்லை என்பது ஆசிரியர் சொல்லாமலே தெரியும். அந்தக் கேள்விக்கு இடம் வைத்து மூன்றாம் பக்கம் எழுதப்பட வேண்டும்.

புள்ளி போடுவதானால் எழுத்துக்கு மட்டும் போடுங்கள். அழகுக்கும் புள்ளி உண்டு என்றால், வீட்டில் கணினி உள்ள பிள்ளைதான் முன்னுக்கு வரும்.

11. மீண்டும் வெறும் தாளுக்கு

பரீட்சை மண்டபத்தில் பெட்டியும் இல்லை, கேள்வியும் இல்லை. ஆகவே உதவியைப் படிப்படியாக எடுக்க வேண்டும். இரண்டாவது வேலையில் பெட்டிகளை விட்டு, கேள்விகளை நீக்குங்கள். மூன்றாவதில் பெட்டிகளையும் நீக்கி, எத்தனை பெட்டி, எவ்வளவு பெரிது என்பதைக் குழுவே தீர்மானிக்க விடுங்கள். எத்தனை பந்தி எழுதுவது என்று திட்டமிடக் கற்பது அப்போதுதான். நான்காவது வேலை முழுவதும் கொப்பியில். எழுதும் முன் தாளின் ஓரத்தில் பென்சிலால் பெட்டிகளைக் கீறி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சொல் எழுதிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

தரம் 11 இல் கடைசித் தவணைக்கு முன்பே கணினி அறையை விட்டுவிடுங்கள். அந்தத் தவணையில் பழைய வினாத்தாள்களை எடுத்து, எழுதி முடித்த பந்தியில் ஐந்து சொற்களைப் பென்சிலால் வெட்டும் பயிற்சியை மட்டும் தொடருங்கள். வெட்டிய பிறகு பக்கத்தில் இருப்பவர் அதை வாசித்து, விடயம் ஏதாவது போய்விட்டதா என்று சொல்ல வேண்டும்.